டாரட் மேசையில் ரோஸ் கலர்: எந்தச் சிவப்பின் இளமை இது?

சிவகாசியில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் 22 வருடம் கலர் கரெக்‌ஷன் பார்த்தேன். ஆடிப்பெருக்கு அன்று காலண்டர் ஆல்பம் வெளியாகிவிட்டால், அப்புறம் மார்கழி வரைக்கும் எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போவோம் என்று சொல்ல முடியாது. அந்த 22 வருடத்தில் நான் அதிகம் மல்லுக்கட்டிய நிறம் ரோஸ்தான். லட்சுமி உட்கார்ந்திருக்கும் தாமரையை நினைத்துப் பாருங்கள். இதழின் அடியில் வெள்ளையாகத் தொடங்கி, நுனிக்குப் போகப் போக ரோஸ் ஏற வேண்டும். மெஜந்தா என்கிற ஊதா கலந்த சிவப்பு மை ஒரு பிடி கூடினால் அது பிளாஸ்டிக் பூ. ஒரு பிடி குறைந்தால் வாடின பூவில் அம்மனை உட்கார வைத்த பாவம் நமக்கு.

படச் சீட்டு போட்டுப் பலன் பார்க்கும் டாரட் பிற்பாடு வந்தது. தங்கை மகள் சிங்கப்பூரிலிருந்து வரும்போது மஞ்சள் பெட்டியில் ஒரு ரைடர்-வெயிட்-ஸ்மித் சீட்டுக்கட்டு வாங்கி வந்தாள். “பெரியம்மா, உனக்குத்தான் படம் பார்க்கப் பிடிக்குமே” என்று கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். 78 கார்டையும் அன்று ராத்திரி தரையில் பரப்பி, அச்சகத்துப் பழக்கத்தில் முதலில் கலரைத்தான் பார்த்தேன். அர்த்தமெல்லாம் அப்புறம் படித்துக்கொண்டது.

இப்போது என்னிடம் பழக வருகிற பெண்பிள்ளைகள் எல்லாரும் ஒரு கேள்வி கேட்கிறார்கள். “அக்கா, ரோஸ் வந்தா காதல்தானே?” இல்லை என்று நான் சொல்வதில்லை. மேற்கத்திய மந்திர மரபில் சிவப்பு மெழுகுவர்த்தி மோகத்துக்கு, ரோஸ் மெழுகுவர்த்தி அன்புக்கும் நட்புக்கும் என்று வைத்திருக்கிறார்கள். அது சரிதான். ஆனால் அந்த ஒரு வரியோடு நிறுத்திவிட்டால், கார்டு சொல்ல வருவதில் முக்கால்வாசி காதில் விழாமலே போய்விடும்.

எனக்குக் கை கொடுத்தது நம் சொல்தான். பேச்சில் ரோஸ் என்கிறோம், எழுத்தில் இளஞ்சிவப்பு. பிங்க் என்ற ஆங்கிலச் சொல்லும் ஒரு பூவிலிருந்து வந்ததுதான். ஓரம் பல் பல்லாக நறுக்கினது போன்ற இதழ் கொண்ட டயான்தஸ் பூவுக்குப் பிங்க் என்று பெயர். அந்தப் பெயர் நிறத்துக்குப் போனது. அப்படிப் போனதும் அது சிவப்பை விட்டுப் பிரிந்து தனிக்குடித்தனம் வந்துவிட்டது. நம் இளஞ்சிவப்பு இன்னும் சிவப்பின் வீட்டிலேயே இருக்கிறது. இளம் சிவப்பு. வயது வராத சிவப்பு. அதனால் ரோஸ் கண்ணில் பட்டதும் நான் கேட்கும் முதல் கேள்வி, “இது எந்தச் சிவப்பின் இளமை?” என்பதுதான். இந்த வழிகாட்டி முழுக்க அந்தக் கேள்வியைக் கேட்கப் பழகுவதைப் பற்றியது.

முதலில் லென்ஸ் வாங்குங்கள்

நகைக்கடைக்காரர் கண்ணில் வைத்துப் பார்ப்பாரே, அந்த மாதிரிப் பத்து மடங்கு பெரிதாக்கும் சின்ன லென்ஸ் போதும். ஜன்னலோரம் பகல் வெளிச்சத்தில் கார்டை வைத்து, ரோஸாகத் தெரிகிற இடத்தில் லென்ஸை வையுங்கள்.

அங்கே ரோஸ் இருக்காது. முதல்முறை பார்க்கிறவர்கள் ஒரு நிமிடம் பேசாமல் இருந்துவிடுவார்கள். தெரிவதெல்லாம் மெஜந்தாப் புள்ளிகள். நடுநடுவே வெறும் காகிதம். ரோஸ் என்று தனியாக ஒரு மை மிஷினில் ஓடவில்லை. புள்ளி சிறிதாக இருந்து காகிதம் அதிகம் தெரிந்தால் வெளிர் ரோஸ். புள்ளி பெருத்துக் காகிதம் மறைந்தால் அடர் ரோஸ். அதாவது ரோஸில் இருக்கும் வெள்ளை பூசின வெள்ளை இல்லை, சிவப்பு தொடாமல் விட்ட இடம். கார்டில் ரோஸைப் பார்க்கும்போது நான் மனதில் வைத்துக்கொள்வது இந்தக் காட்சிதான்: ஆசை இருக்கிறது, ஆனால் எல்லா இடத்தையும் அது பிடித்துக்கொள்ளவில்லை, மூச்சு விட இடம் வைத்திருக்கிறது.

லென்ஸுக்கு இன்னொரு வேலையும் உண்டு. மெஜந்தாப் புள்ளிகளோடு மஞ்சள் புள்ளிகளும் ஏறக்குறைய சரிசமமாக இருந்தால் அது பெரும்பாலும் உடம்புத் தோலின் நிறம். மெஜந்தா மட்டும், அல்லது மஞ்சள் கொஞ்சமே கொஞ்சம் என்றால், அது துணிக்கோ பூவுக்கோ வேண்டுமென்று கொடுத்த ரோஸ். இந்த வித்தியாசம் தெரியாமல் ஸ்டார் கார்டிலும் வேர்ல்டு கார்டிலும் இருக்கும் பெண்ணின் உடம்பைப் பார்த்து “நிறைய ரோஸ் வந்திருக்கு” என்று பலன் சொல்கிறவர்கள் உண்டு. ஐரோப்பியர் உடம்பை ஐரோப்பியர் வரைந்தால் ரோஸ் வரத்தான் செய்யும். அதைக் குறியீடாக எடுக்காதீர்கள்.

பழைய மார்சேய் டாரட் கட்டுகள் இதற்கு விலக்கு. அவற்றில் நிறங்களே ஏழெட்டுத்தான். தோல்நிறமும் அவற்றில் ஒன்று. ஆட்களின் உடம்பில் மட்டும் இல்லாமல் சில பதிப்புகளில் பொருள்கள் மேலும் வரும். அந்த மரபில் அதை உயிருள்ளது, மனித சம்பந்தமுள்ளது என்று வாசிப்பார்கள். மார்சேய் கட்டு வைத்திருந்தால் அந்த வழக்கப்படியே போங்கள்.

இதில் நான் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன். என் கட்டு நைந்துபோன சமயம் விலை மலிவாக ஒரு நகல் கட்டு வாங்கினேன். அச்சில் மெஜந்தா ஓவர். வந்த நாளே எனக்குத் தெரிந்தது. ஆனாலும் பார்க்க அழகாக இருந்ததால் பயன்படுத்தினேன். ஒரு அம்மாவுக்கு நைன் ஆஃப் ஸ்வார்ட்ஸ் வந்தது. நடுராத்திரி கட்டிலில் எழுந்து உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டிருக்கும் ஆள். போர்வையில் ரோஜாவும் ராசிச் சின்னங்களும் கட்டம் கட்டமாக இருக்கும். அந்த நகல் சீட்டுக்கட்டில் போர்வையே ரோஸ் அடித்துப்போய் இருந்தது. நானும் “துக்கத்துக்கு அடியில் அன்பு இருக்கு, ஆறிடும்” என்று சொல்லி அனுப்பினேன். அந்த அம்மா தூக்கமில்லாமல் மாதக்கணக்காகத் தவித்துக்கொண்டிருந்தவர். டாக்டரிடம் போங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். இரண்டு வாரம் கழித்து அவர் மகள் வந்து சொன்னபோது என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மிஷின்காரர் மையைக் கூட்டிவிட்டதை நான் தேறுதல் என்று வாசித்திருக்கிறேன். அன்றைக்கே அந்தக் கட்டைத் தூக்கி உள்ளே வைத்தேன். உங்கள் கட்டு எந்தப் பதிப்பு, அதன் நிறம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரியாமல் நிறத்தை வைத்துப் பலன் சொல்லாதீர்கள்.

பமீலா கோல்மன் ஸ்மித்தின் படங்கள்

நாம் பயன்படுத்தும் கட்டை வரைந்தவர் பமீலா கோல்மன் ஸ்மித். 1878-ல் லண்டனில் பிறந்து, சின்ன வயதில் கொஞ்ச காலம் ஜமைக்காவில் இருந்து, நியூயார்க்கின் புரூக்ளினில் பிராட் இன்ஸ்டிடியூட்டில் ஓவியம் படித்தவர். இந்தக் கட்டை வகுத்த ஆர்தர் எட்வர்ட் வெயிட் சொல்லச் சொல்ல 1909-ல் வரைந்து முடித்தார். லண்டனில் வில்லியம் ரைடர் அண்ட் சன் வெளியிட்டது. அந்த வருடம் நவம்பரில் நியூயார்க்கிலிருந்த புகைப்படக் கலைஞர் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸுக்கு எழுதிய கடிதத்தில், பெரிய வேலை ஒன்றை மிகக் குறைந்த பணத்துக்கு முடித்திருப்பதாக எழுதியிருக்கிறார். 1951-ல் கார்ன்வாலில் வறுமையில்தான் இறந்தார். அச்சகத்தில் வேலை செய்தவளுக்கு அந்தக் கடித வரியைப் படித்தால் வயிறு கலங்கும். உலகம் முழுக்க விற்கிற படம். வரைந்தவள் கைக்கு வந்தது சில்லறை.

அவருடைய மூல ஓவியங்கள் இன்று யாரிடமும் இல்லை. நம்மிடம் இருப்பதெல்லாம் அச்சு வழியாக வந்த நிறம். 1971-லிருந்து அமெரிக்காவில் யு.எஸ். கேம்ஸ் போட்ட பதிப்பு அழுத்தமான நிறம். 2009-ல் நூற்றாண்டுக்கு வந்த ஸ்மித்-வெயிட் பதிப்பு மங்கலான, பழைய நிறம். மேரி ஹான்சன்-ராபர்ட்ஸ் மறுபடி நிறம் தீட்டின யுனிவர்சல் வெயிட் மென்மையானது. ஒரே கார்டை மூன்றிலும் வைத்துப் பார்த்தால் மூன்று விதம். அதனால் இணையத்தில் ஒருவர் “இந்தக் கார்டில் ரோஸ் துணி” என்று எழுதினால், உங்கள் கார்டை எடுத்துப் பார்த்துவிட்டு நம்புங்கள்.

இன்னொன்று. இந்தக் கட்டில் ரோஜாப்பூ நிறைய உண்டு. ஆனால் அநேகமாகச் சிவப்பு, இல்லையென்றால் வெள்ளை. ஃபூல் கார்டில் இருப்பவன் கையில் வெள்ளை ரோஜா. டெத் கார்டில் மரணம் தூக்கி வரும் கறுப்புக் கொடியில் வெள்ளை ரோஜா. மெஜிஷியன் தலைக்கு மேல் சிவப்பு ரோஜாப் பந்தல். காலடியில் ரோஜாவோடு வெள்ளை லில்லி. ஹையரஃபண்ட் என்ற மதகுரு முன்னால் மண்டியிட்ட இரண்டு சீடர்களில் ஒருவர் அங்கியில் ரோஜா, இன்னொருவர் அங்கியில் லில்லி. சிவப்பு ஆசைக்கு, வெள்ளை தூய எண்ணத்துக்கு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார். கலக்குகிற வேலையை, படம் பார்க்கிறவளிடம் விட்டிருக்கிறார் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

பழகுகிறவர்களுக்கு இதை ரோஸ் மில்க் வைத்துத்தான் காட்டுவேன். ஒரு டம்ளர் குளிர்ந்த பால். அதில் ஒரு கரண்டி ரோஸ் சிரப்பை ஓரமாக விடுங்கள், கலக்காதீர்கள். சிரப் கனம், அடியில் போய்ச் சிவப்பாக உட்கார்ந்துகொள்ளும். மேலே வெள்ளை. நடுவில் ஒரு விரல் கனத்துக்கு ரோஸ் பிடித்திருக்கும். மெஜிஷியன் கார்டு இந்த டம்ளர்தான். உள்ளே வெள்ளை உடுப்பு, மேலே சிவப்பு அங்கி. இரண்டும் இருக்கிறது, இன்னும் கலக்கவில்லை. காதல் கேள்விக்கு மெஜிஷியன் வந்தால், “ஆசையும் இருக்கு, நல்ல எண்ணமும் இருக்கு, ஆனா அந்தப் பையன் ரெண்டையும் தனித்தனியா வெச்சிருக்கான்” என்று சொல்வேன்.

கரண்டியை விட்டுக் கலக்கின கார்டு ஸ்ட்ரெங்த். எண் 8. வெள்ளை உடுத்தின பெண், செம்பழுப்புச் சிங்கத்தின் வாயைப் பிடித்திருக்கிறாள். இரண்டு பேரையும் ஒரு பூச்சரம் சுற்றியிருக்கிறது. அந்தக் கையைக் கவனித்துப் பாருங்கள். அடக்குகிற கையா அது? கன்றுக்குட்டியின் முகத்தைத் தடவுகிற கை மாதிரி இருக்கிறது. சிங்கம் நாக்கை நீட்டிக்கொண்டு நிமிர்ந்து அவளைப் பார்க்கிறது. அந்தப் படத்தில் ரோஸ் மையே இல்லாவிட்டாலும் முழு கட்டிலும் ரோஸின் அர்த்தத்தை ஒரு செயலாகக் காட்டுவது அதுதான் என்பது என் முடிவு. சிவப்பைக் கொல்லவில்லை, வெள்ளை தன் கையை அதன் வாயருகே வைக்கிறது.

அச்சிலேயே ரோஸ் உள்ள கார்டுகளில் நான் முதலில் பழகச் சொல்வது பேஜ் ஆஃப் கப்ஸ். கடலோரம் நிற்கும் இளைஞன். நீல மேலுடுப்பில் பூப்போட்டிருக்கும். என்னிடம் உள்ள மஞ்சள் பெட்டிப் பதிப்பில் கைப்பகுதியும் காலுறையும் ரோஸ். கோப்பைக்குள்ளிருந்து ஒரு மீன் தலையை நீட்டி அவனைப் பார்க்கிறது. அவன் பயப்படாமல் அதோடு பேசுகிற பாவத்தில் நிற்கிறான். ஆம்பளைப் பையனுக்கு ரோஸா என்று இப்போது கேட்கிறோம். 1918-ல் அமெரிக்கத் துணி வியாபாரப் பத்திரிகை ஒன்று, ரோஸ் பையன்களுக்கு, நீலம் பெண்பிள்ளைகளுக்கு என்று எழுதியது. ரோஸ் அழுத்தமான, பலமான நிறம் என்பது அது சொன்ன காரணம். சிவப்பின் பிள்ளை என்ற நினைப்பு அந்த ஊரிலும் அப்போது முழுக்கப் போய்விடவில்லை. அதனால் பேஜின் ரோஸைப் பெண்மை, நளினம் என்று வாசிக்காதீர்கள். மனதில் முதல்முறையாக எழும் துணிச்சல் என்று வாசியுங்கள். பெரிய அறிவிப்பு இல்லை, ஒரு சின்னப் பேச்சு.

சிவப்பு எந்தப் பக்கம் இருக்கிறது

இளஞ்சிவப்புக்கு இரண்டு பிறப்பு உண்டு. சிவப்பாக ஆகப் போகிற இளஞ்சிவப்பு ஒன்று. சிவப்பாக இருந்து வெளுத்துப்போன இளஞ்சிவப்பு இன்னொன்று. டீக்கடையில் வெயில் படும் சுவரில் ஒட்டின போஸ்டரைப் பாருங்கள். ஆறு மாதத்தில் மஞ்சளும் மெஜந்தாவும் போய் நீலம் மட்டும் நிற்கும். சிவப்பு முதலில் ரோஸாகி, அப்புறம் காணாமல் போகும். கார்டில் வந்திருப்பது விடிகிற ரோஸா, வெளுக்கிற ரோஸா என்று தெரியாமல் பலன் சொல்ல முடியாது.

இதற்கு நான் வைத்துக்கொண்ட முறை எளிது. எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை, பார்த்துப் பார்த்து எனக்கு வந்தது. மூன்று கார்டு போடுங்கள்: இடது நடந்தது, நடு இப்போது, வலது அடுத்தது. நடுவில் ரோஸ் உள்ள கார்டு வந்தால் இரண்டு பக்கமும் அழுத்தமான சிவப்பைத் தேடுங்கள். எம்பரர் அங்கி சிவப்பு, ஜஸ்டிஸ் அங்கி சிவப்பு, ஹையரஃபண்ட் அங்கி சிவப்பு, த்ரீ ஆஃப் ஸ்வார்ட்ஸில் குத்துப்பட்ட இதயம் சிவப்பு. சிவப்பு இடதுபக்கம் இருந்தால் நடுவில் இருப்பது வெளுத்துக்கொண்டிருக்கும் ரோஸ். வலதுபக்கம் இருந்தால் பழுத்துக்கொண்டிருக்கும் ரோஸ். இரண்டு பக்கமும் இல்லையென்றால் அவசரப்படாமல் இன்னொரு கார்டு எடுப்பேன்.

வெளுப்பது என்றால் கெட்டது என்று நினைத்துவிடக் கூடாது. எங்கள் தெருவில் தீப்பெட்டி லேபிள் யூனிட்டுக்கு வேலைக்குப் போகும் பெண் ஒருத்தி வந்தாள். கல்யாண விஷயமாகச் சண்டை வந்து அண்ணன் இரண்டு வருடமாகப் பேசவில்லை. இடதில் எம்பரர், நடுவில் பேஜ் ஆஃப் கப்ஸ், வலதில் ஸ்ட்ரெங்த்.

“அக்கா, அண்ணன் பாசம் வெளுத்துப்போச்சுன்னு சொல்லுதா?”

“எம்பரர் யாருடி? கல் ஆசனத்துல சிவப்பு கட்டி உக்காந்திருக்கறது உங்க அண்ணன் கோபம். அதுதான் வெளுக்குது.”

நடுவில் இருக்கிறவன் கோப்பையில் மீன் வைத்திருக்கிறான். படகு நிறைய மீன் கொண்டுவரவில்லை. அதனால் நியாயம் பேசாதே, பழசைக் கிளறாதே, சின்னதாக ஒன்றை மட்டும் அனுப்பு என்றேன். பிள்ளை முதல் பல் காட்டிச் சிரிக்கிற போட்டோ ஒன்றை அனுப்பினாள். நான்கு நாள் கழித்து “சாப்பிடுதா?” என்று ஒரு வார்த்தை வந்ததாம். அதை என்னிடம் காட்ட ஓடி வந்தாள். அடுத்து ஸ்ட்ரெங்த் இருக்கிறதே, கையை மெதுவாக வை, இழுக்காதே என்று சொல்லி அனுப்பினேன்.

பச்சைக்குள் இருக்கும் ரோஸ்

கொஞ்சம் ஆழமாகப் போக விரும்புகிறவர்களுக்கு இது. வெயிட்டும் பமீலாவும் ஹெர்மெடிக் ஆர்டர் ஆஃப் தி கோல்டன் டான் என்ற மந்திர மரபுச் சங்கத்தில் இருந்தவர்கள். 1888-ல் லண்டனில் தொடங்கினது. வாழ்க்கை மரம் என்று யூத கபாலா மரபு சொல்லும் பத்து இடங்களுக்கும், அவற்றை இணைக்கும் 22 பாதைகளுக்கும் நான்கு வரிசையாக நிறம் கொடுத்தார்கள். மரத்தின் நடுவில், இதயம் இருக்கும் இடத்தில் இருப்பது ஆறாவது இடம், திஃபெரெத். சூரியனுக்குரியது. ராஜா வரிசை என்கிற முதல் வரிசையில் அதன் நிறம் தெளிந்த ரோஜா நிறம். சூரியனுக்குத் தங்கம்தானே என்று நினைப்போம். அது அடுத்த வரிசையில் வருகிறது. முதலில் ரோஜா. ராஜா வரிசை, கட்டின் நான்கு இனங்களில் ஒன்றான வாண்ட்ஸுக்கு (கோல்களுக்கு) உரியது என்பதால், இந்தக் கணக்கில் சிக்ஸ் ஆஃப் வாண்ட்ஸின் நிறம் ரோஜா நிறம். வெற்றி வாகை சூடிக் குதிரையில் வருகிறவன் கார்டு அது. அதற்குப் பின்னால் ரோஸ் இருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து, அந்தக் கார்டு வந்தால் ஜெயித்தவனைவிடக் கூட நடந்து வருகிறவர்களைத்தான் முதலில் பார்க்கிறேன்.

அந்த 22 பாதைகளில் எம்ப்ரஸ் என்ற மகாராணி கார்டுக்கு உரியது சுக்கிரனின் பாதை. ராஜா வரிசையில் மரகதப் பச்சை. நான்காவது, கடைசி வரிசைக்கு வரும்போது பளிச்சென்ற ரோஜா நிறத்தில் வெளிர்பச்சைக் கதிர்கள். ரோஜாச் செடியே வந்துவிட்டது, இலையும் பூவும்.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பச்சைக் காகிதத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவு வட்டம் வெட்டி வெள்ளைத் தாளில் ஒட்டுங்கள். நல்ல வெளிச்சத்தில் 30 விநாடி இமைக்காமல் அதையே பாருங்கள். அப்புறம் சட்டென்று பக்கத்தில் உள்ள வெறும் வெள்ளைத் தாளைப் பாருங்கள். அங்கே ஒரு ரோஸ் வட்டம் மிதக்கும். பச்சையைப் பார்த்துப் பார்த்துக் கண்ணில் அந்த உணர்வு களைத்துப்போவதால் அதன் எதிர்நிறம் தெரிகிறது. கோல்டன் டான்காரர்கள் நம் நாட்டுத் தத்துவக் குறிகளை, தேஜஸுக்குச் சிவப்பு முக்கோணம், பிருதிவிக்கு மஞ்சள் சதுரம் என்று எடுத்து, இதே மாதிரி உற்றுப் பார்த்துப் பழகினார்கள். வானவில்லில் ரோஸ் என்று தனிப் பட்டை கிடையாது. நம் கண்ணும் மூளையும் சேர்ந்து உண்டாக்கிக்கொள்கிற நிறம் அது. எம்ப்ரஸ் கார்டு எடுக்கும் முன் இந்தப் பயிற்சியை ஒருமுறை செய்யுங்கள். அந்தப் பச்சை வயலும் மரங்களும் வேறு மாதிரித் தெரியும்.

ஒரு விஷயத்தில் குழப்பிக்கொள்ள வேண்டாம். வெள்ளிக்கிழமை சுக்கிரனுடையது என்பது நமக்கும் ஐரோப்பாவுக்கும் பொது. ஆனால் நம் நவக்கிரக வழக்கில் சுக்கிரனுக்கு வெள்ளை வஸ்திரம். அவர்கள் வழக்கில் பச்சை, செம்பு உலோகம், 7 என்ற எண். கோயிலில் செய்வதைக் கோயில் முறையில் செய்யுங்கள், மெழுகுவர்த்தி வைத்தால் அந்த முறையில் வையுங்கள்.

ரோஸ் மெழுகுவர்த்தி

என் முறை இது. வெள்ளிக்கிழமை சாயங்காலம். ரோஸ் மெழுகுவர்த்தி கிடைக்காவிட்டால் வெள்ளை மெழுகுவர்த்தியின் அடியில் ரோஸ் ரிப்பன் கட்டிக்கொள்வேன். திரி எரிந்து இறங்கும் முன் ரிப்பனைக் கழற்றிவிட வேண்டும். குண்டூசியால் மெழுகில் ஒரே ஒரு சொல் கீறுங்கள். ஆள் பெயர் வேண்டாம். பொறுமை, பேச்சு, இணக்கம், இப்படி ஒன்று. ஒருவர் மனதை அவர் சம்மதம் இல்லாமல் திருப்பப் பார்ப்பது ரோஸின் வேலை இல்லை. அது காகிதம் தெரியாமல் மையை அப்புகிற வேலை. அந்த எண்ணத்தோடு என்னிடம் வருகிறவர்களுக்கு நான் மெழுகுவர்த்தி கொடுப்பதில்லை.

பன்னீர் ஒரு துளியை விரலில் தொட்டு, மெழுகுவர்த்தியின் மேல் தன்னை நோக்கி இழுத்துத் தடவுங்கள். எண்ணெயாக இருந்தால் திரிப் பக்கம் போகாமல் ஒரு பொட்டு மட்டும். பித்தளைத் தட்டில் நிறுத்தி ஏற்றி, முன்னால் எம்ப்ரஸோ பேஜ் ஆஃப் கப்ஸோ வைத்து, ஏழு நிமிடம் உட்காருங்கள். சுடரைப் பார்க்க வேண்டாம். மெழுகில் சுடருக்குக் கீழே ஒரு விரற்கடை வெளிச்சம் ஊடுருவி ரோஸ் ஒளியாக நிற்கும், அதைப் பாருங்கள். கீறின சொல் அந்த வெளிச்சத்தில் எழுந்து தெரியும். ஏழு நிமிடம் ஆனதும் அணைத்துவிட்டு, அந்தச் சொல்லுக்கு ஏற்ற ஒரு காரியத்தை அன்று ராத்திரிக்குள் கையால் செய்யுங்கள். ஒரு போன், ஒரு பாத்திரம் கழுவுதல், எதுவானாலும் சரி. இப்படி ஏழு வெள்ளி. ஃபேன் அடியிலும் திரைச்சீலை பக்கத்திலும் ஏற்றாதீர்கள். எரியவிட்டு வெளியே போகாதீர்கள். பட்டாசு ஊர்க்காரி சொல்கிறேன், இதைச் சாதாரணமாக எடுக்காதீர்கள்.

ரோஸ் குவார்ட்ஸ் கல் வைக்கலாமா என்று கேட்பார்கள். வைக்கலாம். பிரேசிலிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் நிறைய வருகிறது. அதன் ரோஸும் புள்ளிக் கதைதான்: நிறமில்லாத குவார்ட்ஸுக்குள் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ரோஸ் இழைகள் சிதறிக் கிடப்பதால் வரும் நிறம். அதனால்தான் நல்ல கல் பால் கலந்த மாதிரி மங்கலாக இருக்கும். கண்ணாடி போலத் துல்லியமாக, உள்ளே உருண்டைக் குமிழோடு இருந்தால் அது கண்ணாடியேதான். காசு கொடுக்காதீர்கள்.

பழக ஒரு வாரம்

முதல் நாள் 78 கார்டையும் பரப்பி, ரோஸ் உள்ளதை மட்டும் தனியே எடுங்கள். இரண்டாம் நாள் லென்ஸ் வைத்து, தோல்நிறத்தைக் கழித்துவிடுங்கள். கையில் மிஞ்சுகிறவை கொஞ்சம்தான் இருக்கும். அவற்றை ஒரு நோட்டில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே, அந்த ரோஸ் எந்தச் சிவப்பின் இளமை என்று ஒரு வரி எழுதுங்கள். புத்தகம் பார்க்காமல் எழுத வேண்டும். கோபத்தின் இளமை என்று ஒன்று வரலாம், வெட்கத்தின் இளமை என்று ஒன்று வரலாம். மீதி நாட்களில் தினம் மூன்று கார்டு போட்டு, சிவப்பு இடதா வலதா என்று மட்டும் குறித்து வையுங்கள்; பலன் சொல்லிக்கொள்ள வேண்டாம். ஏழாம் நாள் சாயங்காலம் நோட்டைப் புரட்டினால், அந்த வாரம் உங்கள் வீட்டில் நடந்ததோடு ஒட்டிப் பார்க்கலாம்.

கட்டை வெயில் படும் அலமாரியில் வைக்காதீர்கள். துணியில் சுற்றி டப்பாவில் வைத்து மூடுங்கள். என்னுடைய முதல் கட்டு இரண்டு வருடம் ஜன்னல் திட்டில் இருந்தது. மேலே இருந்த கார்டில் இப்போது லென்ஸ் வைத்தால், புள்ளி இருந்த இடத்தில் தடம் மட்டும் தெரிகிறது.